அளந்து போடுங்கள்

பசிக்கிறவனுக்குச் சோறு போடு, பசி என்றால் என்னவென்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு உட்காராதே என்று சொல்லுகிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. நல்ல மனிதர்கள்தாம். நாலு பேருக்குக் கைம்மாறு கருதாமல் உதவி செய்கிறவர்கள். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் சர்க்கார் செய்துவருகிற வைத்திய வசதிகளைப் பற்றி ஆராய்ச்சி நடத்தப் பணம் ஒதுக்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்துவிட்டால் போதும்; இவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "ஆஸ்பத்திரி கட்டட்டும், மாத்திரை கொடுக்கட்டும், ஆம்புலன்ஸ் வாங்கட்டும். ஆராய்ச்சியாம் ஆராய்ச்சி! நாலு பேர் ஆகாய விமானத்தில் மகாநாட்டுக்குப் போய்வருவதற்கு ஏழைப் பிள்ளைத்தாய்ச்சியின் பெயரில் ஒரு பட்ஜெட்டா?" என்பார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்குப் பின்னால் வருகிறேன். மற்றப் பாதிதான் ஆபத்தானது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்களே, அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். எத்தனை போட்டாய், எங்கே போய்ச் சேர்ந்தது, யார் வாயில் விழுந்தது என்று கணக்குக் கேட்கிற சொல் அது. ஐம்பது வருஷங்களாக இந்த தேசத்துக் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவருகிறோம். ஆற்றிலேதான் போட்டிருக்கிறோம். அளந்து போடவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்த விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்களுக்கும் இதில் ஒரு பாவம் உண்டு. கதாநாயகன் தாயில்லாப் பிள்ளையாக இருக்க வேண்டுமானால், "அவனைப் பெற்றுப் போட்டுவிட்டு அவள் கண்ணை மூடினாள்" என்று ஒரு வரியில் வேலையை முடித்துவிடுவோம். தமிழ் நாவல்களில் இப்படிச் செத்த தாய்மார்களை எண்ணினால் ஒரு தாலுகாவே காலியாகிவிடும். ஏன் செத்தாள் என்று எந்த நாவலாசிரியனும் சொன்னதில்லை. எந்த வாசகரும் கேட்டதில்லை. விதி! இந்த விதி என்கிற வார்த்தையைச் சர்க்கார் கணக்குப் புத்தகத்திலிருந்து அடித்துவிட முடியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால் வெலிங்டனுக்குப் போய்ப் பாருங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து புகையைக் கக்கிக்கொண்டு ஏறுகிற மலை ரயிலில் குன்னூருக்கு அடுத்த ஸ்டேஷன் வெலிங்டன். பக்கத்தில் ஜெகதளா என்ற படகர் கிராமம். அந்தப் பெயராலேயே முதலில் வழங்கிய இடத்தில் 1850-களில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பாசறை கட்டினார்கள். பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் இங்கே இருக்கிறது. தேசப் பிரிவினைக்குப் பின் குவெட்டாவை விட்டு வந்த ராணுவ அதிகாரிகளின் கல்லூரி இருக்கிறது. ராணுவ ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே பார்த்தாலும் சுத்தம், ஒழுங்கு, வெள்ளையடித்த கற்கள்.

பட்டாளத்தானை ஏன் மலைமேல் கொண்டுவந்து வைத்தார்கள்? சமவெளியில் செத்துக்கொண்டிருந்தான். குண்டடிபட்டு அல்ல; காய்ச்சலிலும் காலராவிலும் வயிற்றுக் கடுப்பிலும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சேனையின் சுகாதார நிலையை விசாரிக்க 1859-ல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். அதன் பின்னால் நின்று தூண்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். விளக்கேந்திய சீமாட்டி என்று நம் பள்ளிப் புத்தகங்கள் அவரைப் புகழ்கின்றன. அவர் கையில் விளக்கைவிட அதிக நேரம் இருந்தது கணக்குப் புத்தகம். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமல், பாசறை பாசறையாகக் கேள்வித் தாள் அனுப்பினார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? சாக்கடை எங்கே போகிறது? ஒரு சிப்பாய்க்கு எத்தனை அடி இடம்? 1863-ல் ரிப்போர்ட்டு வந்தது. வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 69 சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிந்தது. அடுத்த பத்திருபது ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. புது மருந்து எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கிருமி என்ற ஒன்று நோயை உண்டாக்குகிறது என்பதே அப்போது வைத்தியர்களுக்குள் தகராறாக இருந்த விஷயம். கேட்டார்கள், எண்ணினார்கள், எண்ணினபடி சாக்கடையை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

ஆக, சேவையைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் என்னவென்று ராஜாங்கத்துக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நூற்றறுபது வருஷங்களுக்கு முன்பே தெரியும். யாருக்காகச் செய்வது என்பதில்தான் பேதம். ஒரு சிப்பாயைக் கப்பலேற்றிக் கொண்டுவர என்ன செலவு என்று லண்டனில் இருந்தவர்களுக்குத் தெரியும்; அவன் செத்தால் நஷ்டம். ஜெகதளாவில் ஒரு பெண் செத்தால் யாருக்கு நஷ்டம்? அவள் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும். அந்த நஷ்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. 1946-ல் வெளிவந்த போர் கமிட்டி ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள். பிரசவத்தை ஒட்டி இந்தியாவில் வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் பெண்கள் சாகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. 'சுமார்' என்பதைக் கவனியுங்கள். சிப்பாயை எண்ணி எண்பது வருஷங்களுக்கு மேலான பிறகும் தாய்க்குக் கிடைத்தது 'சுமார்'.

வெலிங்டனிலிருந்து குன்னூர் நடந்தே போகிற தூரம். அங்கே ஸிம்ஸ் பூங்காவுக்கு அருகில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. 1907-ல் வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் செய்ய ஏற்பட்டது. இதற்கு மூலதனம், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்ஸன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடை. நாய்க்கடிக்கு மருந்து போடக்கூட ஓர் அமெரிக்கர் தர்மம் பண்ண வேண்டியிருந்தது என்பது அந்தக் காலத்து ராஜாங்கத்தின் லட்சணம். இந்த நிலையத்தில் ஒரே ஓர் அறையை வாங்கிக்கொண்டு 1918-ல் ராபர்ட் மெக்காரிஸன் என்ற ராணுவ டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி விசாரணை தொடங்கினார். புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டார். அவை சுருண்டு விழுந்தன. நாம் சத்தையெல்லாம் தவிடாக மாட்டுக்கு வைத்துவிட்டு வெள்ளை வெளேரென்ற சக்கையை இலையில் போட்டுக்கொள்கிறோம் என்பதை அந்த ஓர் அறையிலிருந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்.

1923-ல் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். யுத்தத்துக்குப் பின் கஜானா வறண்டுவிட்டது என்று இன்ச்கேப் பிரபுவின் தலைமையில் சிக்கனக் கமிட்டி உட்கார்ந்தது. அவர் கப்பல் கம்பெனி முதலாளி. பாரம் அதிகமானால் எதைக் கடலில் எறிவது என்று அவருக்குத் தெரியும். படைச் செலவையும் அந்தக் கமிட்டி வெட்டச் சொன்னது என்பதை மறைக்கவில்லை. ஆனால் பட்டாளத்துக்காக வாதாடப் பிரதம சேனாதிபதி இருந்தார். குன்னூர்ப் புறாக்களுக்காக வாதாட யார் இருந்தார்கள்? இரண்டு வருஷம் கழித்து, 1925-ல்தான் வேலை மறுபடி தொடங்கிற்று. இரண்டு வருஷம்தானே என்கிறீர்களா? அந்த ஓர் அறையை மூடியதால் கஜானா நிரம்பிவிட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. சிக்கனம் என்று வந்துவிட்டால் நம் ராஜாங்கங்கள், வெள்ளையோ கறுப்போ, இதே காரியத்தைத்தான் செய்கின்றன. கடுகு போன இடத்தை ஆராய்வார்கள். பூசணிக்காய் போன இடம் தெரியாது.

மறுபடி திறந்தார்களே, அதனால் என்ன வந்தது என்பதைச் சொல்கிறேன். இது ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. தெரியாது என்பதுதான் வெட்கம்.

1928-ல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மாள் பம்பாய்க்கு வந்தார். பருத்தி மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகள் ரத்தம் வற்றி, வெளுத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதை விசாரிக்க இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் பணம் கொடுத்தது. இப்போதைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பழைய பெயர் அது. வில்ஸ் முதலில் கிருமியைத் தேடவில்லை. யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார். எந்தப் பெண்களின் இலையில் கீரையும் பழமும் மாமிசமும் குறைவோ அவர்களைத்தான் இந்த ரத்தசோகை அதிகமாகப் பிடிக்கிறது என்று கண்டார். 1929-ல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், மெக்காரிஸனுக்கு அருகில் இருந்து எலிகளை வைத்துச் சோதனைகள் செய்தார். 1931-ன் தொடக்கத்தில் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இன்று கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்கிறோமே, அதுதான். இதற்கிடையில் ஒரு நாள், தேறவே தேறாது என்று நினைத்த ரத்தசோகைக் குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். ரொட்டியில் தடவிக்கொள்கிற, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கருப்புப் பசை அது. குரங்கு எழுந்து உட்கார்ந்தது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். அது வரையில் இருந்த ஈரல் வைத்தியம் பணக்காரச் சீமாட்டிகளுக்குத்தான் கட்டுப்படியாகும். இதுவோ மளிகைக் கடைச் சாமான்!

அந்தப் பசையில் என்ன இருக்கிறது என்று வில்ஸுக்குத் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்தார்கள். 1941-ல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் என்றார்கள். கருவுறும் காலத்தில் இந்தச் சத்து போதிய அளவு இருந்தால் குழந்தையின் முதுகுத் தண்டு மூடாமல் பிறக்கும் ஊனம் பெரும்பாலும் வராது என்பது 1991-ல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியில் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று. இன்றைக்கு உலகம் முழுவதும் கர்ப்பிணிகள் விழுங்குகிற அந்தச் சின்ன மாத்திரையின் பூர்வோத்திரம் பம்பாய் மில் தொழிலாளி, சென்னை கோஷா ஆஸ்பத்திரி நோயாளி, குன்னூர் எலி. வில்ஸ் அம்மையார் 1964-ல் காலமானார். குன்னூரில் அவர் பெயரால் ஒரு தெரு உண்டா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

குழந்தைகளுக்கும் இந்த மலையிலிருந்து ஒரு சேதி போயிற்று. மெக்காரிஸனுக்குப் பின் 1935-ல் வந்த ஆக்ராய்டு காலத்தில், வடசர்க்கார் ஜில்லாக்களில் பச்சைக் குழந்தைகள் சாவதைக் குன்னூர் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். தாய் தின்பது தீட்டிய பச்சரிசி. அவள் பாலில் சத்தில்லை. மார்பில் முட்டி முட்டிக் குடித்த குழந்தைக்குப் பெரிபெரி. மாந்தம் என்றும் தோஷம் என்றும் தாயத்துக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் மெய்யான காரணம் அரிசி மில்லாக இருந்தது. இதையும் யாரோ போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். மலைமேல் இருந்த அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்று பெயர். அங்கே நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போன பிறகு நீலகிரிப் பெண்களிடம் வந்து கேள்வி கேட்க வந்தவர்கள் யார் தெரியுமா?

1971-ல் மூன்று தேயிலை எஸ்டேட்டுகளில் ஒரு பரீட்சை நடந்தது. தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசியின் ஏற்பாடு. அமெரிக்க உதவிப் பணமும் சேர்ந்தது. கொழுந்து பறிக்கும் பெண் கர்ப்பமில்லாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவள் பெயரில் 5 ரூபாய் சேமிப்பில் போடுவது. பிள்ளைகள் அதிகமானால் சேர்ந்ததில் ஒரு பங்கு பறிபோகும். பணம் கைக்கு வருவது வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது. நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதே சங்கம் தோட்டங்களில் வைத்திய வசதிகளை வளர்த்ததையும் நான் மறுக்கவில்லை. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. இந்த மலைத் தோட்டப் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கடல் கடந்து பணம் வந்ததே, அது எதற்கு வந்தது? அவள் பெற்ற பிள்ளை ஏன் சாகிறது என்று கேட்பதற்கா? பெறாமல் இருக்க என்ன விலை கேட்பாள் என்று பார்ப்பதற்கு! நம் சர்க்கார் தன் பணத்தைப் போடாவிட்டால், பணம் போடுகிறவன் தன் கேள்வியைத்தான் கேட்பான். கூலி கொடுக்கிறவன் சொல்லுகிற பாட்டைத்தானே நாதஸ்வரக்காரர் வாசிக்க வேண்டும்?

பாஸ்டர் நிலையத்தின் பிற்காலக் கதை இன்னொரு மாதிரி. குழந்தைகளுக்கான முத்தடுப்பூசி மருந்தை அங்கே தயாரித்து நாடெங்கும் அனுப்பினார்கள். கட்டடமும் யந்திரங்களும் பழசாகிக்கொண்டே வந்தன. புதுப்பிக்கப் பணம் வரவில்லை. 2008 ஜனவரியில் தர விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று இதனுடைய உரிமத்தையும், கிண்டி, கசௌலி நிலையங்களின் உரிமத்தையும் மத்திய சர்க்கார் நிறுத்திவைத்தது. 2010-ல் திருப்பிக் கொடுத்தார்கள். சொந்த மாட்டுக்குத் தீனி போடாமல் இருந்துவிட்டு, எலும்பும் தோலுமாய் இருக்கிறதே என்று அதைச் சந்தைக்கு ஓட்டுகிற சம்சாரியைப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான்.

இனி மாத்திரைக்கு வருகிறேன். 1970 முதல் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை சர்க்கார் இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஒரு கர்ப்பிணிக்கு 180 நாள். தமிழ்நாட்டில் மாத்திரைக்குப் பஞ்சமில்லை. மருந்து வாங்கிக் கிராமம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நம் ராஜ்யம் மற்றவர்களுக்கு வழிகாட்டி. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100-க்கு 52.2 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48.3. அதற்கு முந்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.4-ஆக இருந்தது. குறையவில்லை, ஏறியிருக்கிறது! ஐம்பது வருஷம் ஒரு கிணற்றில் தண்ணீர் ஊற்றியும் கிணறு பாதி காலியாக இருக்குமானால், ஊற்றுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்க்க மாட்டோமா? எட்டிப் பார்ப்பதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. என் நண்பர்கள் இன்னும் இரண்டு குடம் ஊற்று என்கிறார்கள்.

வெலிங்டன் கடைவீதியில் ஒரு டீக்கடை வாசலில் நிறைமாதப் பெண் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். சின்னத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா என்று கேட்டேன்.

"நர்ஸம்மா மாசாமாசம் கொடுக்கிறாங்க ஐயா. நான் ஒரு நாளும் தவறவிடுறதில்லே. முதல்லே வயித்தைப் பெரட்டிச்சு. இப்போ சூடா ஒரு டீயோட முழுங்கிடுறேன். தொந்தரவே இல்லே" என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

தேநீரில் இருக்கும் துவர்ப்புச் சத்து, இரும்பை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும் என்பது வைத்திய சாஸ்திரத்தில் பழைய சமாசாரம். அந்தப் பெண் ஒழுங்காக மாத்திரை விழுங்குகிறாள். நர்ஸம்மாவின் நோட்டில் 180-க்கு 180. டில்லிக்குப் போகிற கணக்கில் அவள் ஒரு வெற்றி. அவள் ரத்தத்தில் என்ன ஏறியிருக்கும்? நாள் முழுக்கத் தேயிலையைப் பறித்து, அந்தத் தேயிலையாலேயே தன் மருந்தை முறித்துக்கொண்டிருக்கிறாள். நீலகிரியில் இப்படி எத்தனை பேர்? டீக்குப் பதில் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ பழக்கினால் என்ன ஆகும்? மாத்திரையை ராத்திரி கொடுத்தால் என்ன? இதற்குப் பெரிய மூளை வேண்டாம். ஒரு வருஷம், ஒரு தாலுகா, நாலு நர்ஸ்கள், கொஞ்சம் பணம் வேண்டும். இதை ஜெனீவாவில் யாரும் கேட்க மாட்டார்கள். இது குன்னூரின் கேள்வி. குன்னூர்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. மலைமேல் காற்றில் பிராணவாயு அடர்த்தி குறைவு; அதற்கு ஈடாக உடம்பு ரத்தத்தில் அதிகச் சிவப்பை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் கர்ப்பிணிக்குச் சமவெளியில் 11 கிராம் என்று வைத்திருக்கும் கோட்டை, உயரமான ஊர்களில் மேலே தள்ளி வைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லுகிறது. குன்னூரும் வெலிங்டனும் 1,800 மீட்டருக்கு மேலே. அங்கே அந்தக் கோடு சுமாராக அரை கிராமாவது ஏறும். பெரிய கணக்கெடுப்புகளில் இந்தத் திருத்தத்தைச் செய்துவிடுகிறார்கள். நர்ஸம்மாவின் கையில் இருக்கும் அட்டையில் யார் திருத்துவது? 11.2 என்று வந்தால் "நல்லா இருக்கே, போ" என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிற பெண், அந்த உயரத்துக்கு ரத்தசோகைக்காரியாக இருக்கலாம். தராசே தவறாயிருக்கும் கடையில் எத்தனை மூட்டை இறக்கினால் என்ன?

எண்ணிப் பார்ப்பதால் என்ன லாபம் என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு, தமிழ்நாடே பதில் சொல்லியிருக்கிறது. 1930-களிலேயே டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் சென்னை நகரத்துப் பிரசவ மரணங்களை விசாரித்து எழுதினார். 1990-களிலிருந்து, பிரசவத்தில் ஒரு பெண் இறந்தால் அவள் ஏன் இறந்தாள் என்று விசாரித்தே ஆகவேண்டும் என்பது இங்கே முறையாயிற்று. வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். எத்தனை மணிக்கு வலி கண்டது? யார் போகலாம் என்றார்கள், யார் விடியட்டும் என்றார்கள்? வண்டி எப்போது கிடைத்தது? ஆஸ்பத்திரியில் ரத்தம் இருந்ததா? டாக்டர் இருந்தாரா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த பதில்களிலிருந்துதான் இரவிலும் நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் ரத்த வங்கியும் வண்டியும் எங்கெங்கே வேண்டும் என்று தெரிந்தது. 2001-03-ல் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவங்களுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள், 2018-20-ல் 54. இந்தியா முழுவதற்கும் அப்போது 97. நைட்டிங்கேல் அம்மையார் சிப்பாய்க்குச் செய்ததை நாம் தாய்க்குச் செய்தோம். செய்த இடத்தில் சாவு குறைந்தது. செத்தவளுக்காகக் கேட்ட கேள்வியை, வெளுத்துப்போய் நடமாடிக்கொண்டிருக்கிறவளுக்காகவும் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நண்பர்களின் பாதி உண்மைக்குப் பின்னால் வருவதாகச் சொன்னேன் அல்லவா? ஆராய்ச்சிக்காரர்களை நான் சும்மா விடப்போவதில்லை. ஒரு தாலுகாப் பெண்களின் விரலையெல்லாம் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது இங்கிலீஷில் கட்டுரையாகி, வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்து, உத்தியோக உயர்வாக முடிகிறது. குத்து வாங்கின விரலுக்கு ஒரு காகிதம்கூடத் திரும்பி வருவதில்லை. இவர்களைப் பார்த்துத்தான் ஜனங்கள் ஆராய்ச்சி என்றாலே முகம் சுளிக்கிறார்கள். சர்க்கார் பணம் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போடட்டும். என்ன தெரிந்ததோ அதை முதலில் அந்த ஊர் கிராம நர்ஸுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிற்பாடு லண்டனுக்கு அனுப்பிக்கொள்ளட்டும். எதைக் கேட்பது என்று தீர்மானிக்கிற இடத்திலும் அந்த நர்ஸுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். டீயோடு மாத்திரை விழுங்குகிறார்கள் என்பது அவருக்கு ரொம்ப நாளாகத் தெரிந்திருக்கும். அவரை யார் கேட்டார்கள்?

பணம் எங்கே என்பார்கள். இந்த தேசம் எல்லா விதமான ஆராய்ச்சிக்கும் சேர்த்துச் செலவழிப்பது, 2020-21 கணக்குப்படி, மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். 100 ரூபாய் சம்பாதித்தால் 64 காசு. அதில் அணுவுக்கும் விண்வெளிக்கும் ராணுவத்துக்கும் போனது போக, வைத்தியத்துக்கு என்று வருவதில், சேவை ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்பதற்கு மிஞ்சுவது பாயசத்தில் போட்ட குங்குமப்பூ. அணுவும் விண்வெளியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்திரனுக்குக் கலம் அனுப்புகிறவர்கள் அதைப் புறப்பட்ட நொடியிலிருந்து விடாமல் கண்காணிக்கிறார்கள். அனுப்பிவிட்டோம், எப்படியும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவதில்லை. மாத்திரையை மட்டும் அப்படித்தான் அனுப்புகிறோம்.

நான் கேட்பது இதுதான். தாய்சேய் நலத்துக்கு என்று சர்க்கார் எந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினாலும், அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததா என்று வெளியார் ஒருவர் போய்ப் பார்த்துவரும் செலவையும் அதே தலைப்பில், அதே நாளில் ஒதுக்க வேண்டும். சிக்கனக் கமிட்டி எது வந்தாலும் அந்தத் தொகையில் கை வைக்கக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டும். முதல் பரீட்சையை நீலகிரியிலேயே தொடங்கலாம். எஸ்டேட் லயன் வீடுகள், படகர் ஹட்டிகள், கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகள், வெலிங்டன் கண்டோன்மெண்ட்டைச் சுற்றியிருக்கும் கூலிக்காரர் வீடுகள் என்று எல்லாத் தரத்து ஜனங்களும் ஒரே மலையில் இருக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் ஒரு தடவை, எட்டாம் மாதத்தில் ஒரு தடவை ரத்தம் பார்த்து, மலைக்கு ஏற்ற கோட்டை வைத்து அளந்து, மாத்திரையை எதோடு விழுங்கினாய் என்றும் ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தேயிலைக் கொழுந்து ஓயும் மாதங்களில் தொடங்கினால் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். ஒரு நாள் கூலியும் போகாது.